விமானியின் காதில் பேசியவள் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்க டிவி நிலையங்களின் செய்தி ஹெலிகாப்டர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். போலீஸ் துரத்தலை வானத்திலிருந்து நேரலையில் காட்டுவதைச் சுவையாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டே, கீழே ஓடும் காரையும் கண்ணால் தொடர்ந்து, அதே வாயால் நேரலை வர்ணனையும் சொல்லும் விமானியை ‘பறக்கும் அஷ்டாவதானி’ என்று புகழ்ந்திருந்தார்கள். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். சுருக்க வேண்டியிருந்தால் என் சொந்தக் கதையை வெட்டிவிடுங்கள். பீனிக்ஸ் நகர ஹெலிகாப்டர் விபத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. கல்யாணமாகி அமெரிக்கா போய், அங்கே ஒரு பெரிய நகரத்தின் உள்ளூர் டிவி நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் அசைன்மென்ட் டெஸ்க்கில் வேலை பார்த்தேன். எங்கே தீ, எங்கே விபத்து, எந்த நிருபர் எங்கே போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிற மேஜை அது. எங்கள் நிலையத்துக்கென்று ஒரு ஹெலிகாப்டர் இருந்தது. அதில் இரண்டே பேர்: முன்னால் விமானி, பின்னால் கேமராக்காரர். தனியாக நிருபர் கிடையாது. விமானிதான் நிருபர். அவர் ஹெட்செட்டுக்குள் ஸ்டுடியோவிலிருந்து பேசுகிற குரல்களில் ஒன்று என்னுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிச் செய்தி. ஊரின் ஓரத்தில் ஒரு டயர் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் செய்தியே அதுதான். எங்கள் ஹெலிகாப்டர் மேற்குப் பக்கம் நின்றதால் கரும்புகை கட்டடத்தை மறைத்தது. “கொஞ்சம் கிழக்கே சுற்றி வாருங்கள், முப்பது வினாடியில் நேரலை உங்களிடம் வருகிறது” என்றேன். “ஸ்டேண்ட்பை” என்றார். காத்திருங்கள் என்று பொருள். நான் காத்திருக்கவில்லை. இருபது வினாடி என்றேன். பதில் இல்லை. பத்து என்றேன். திடீரென்று திரையில் தீயும் இல்லை, கிடங்கும் இல்லை. சாய்ந்த மலைத்தொடரும் வானமும்தான் தெரிந்தன. செய்தி வாசிப்பவர் எதையோ சொல்லிச் சமாளித்தார். நான் மைக்கை அழுத்தி, “என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?” என்று கத்தினேன்.

இறங்கியபின் அவர் நேராக என் மேஜைக்கு வந்தார். கோபப்படவில்லை. “சனிக்கிழமை காலை ஹேங்கருக்கு ஒரு மணி நேரம் வர முடியுமா?” என்று மட்டும் கேட்டார். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், என் அப்பா வயது. சரி என்றேன்.

ஹேங்கரில் ஹெலிகாப்டர் தரையில் நின்றது. என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, ஹெட்செட்டை மாட்டிவிட்டு, ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டார். முதலில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம். அப்புறம் அந்த ஊர் ஹெலிகாப்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது அலைவரிசை. அப்புறம் என் மேஜையின் லைன். அதன் மேலேயே ஸ்டுடியோ நிகழ்ச்சியின் ஒலி, விளம்பரம் உட்பட. அப்புறம் போலீஸ் ரேடியோ. கடைசியில் இன்டர்காமில் கேமராக்காரர். ஆறும் ஒரே இரண்டு காதுக்குள். போலீஸ் ரேடியோதான் மற்ற எல்லாவற்றையும் அமுக்கியது. சந்தைக்கடை மாதிரி இருந்தது என்று எழுத நினைத்தேன். சந்தையில் ஒரு குரலை விட்டுவிட்டால் உயிர் போகாது.

பத்து நிமிடம் கேட்க விட்டார். அப்புறம், “இப்போது கோபுரம் ஒரு விமானத்தைப் பற்றி எச்சரித்தது. எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கோபுரம் பேசியதே எனக்கு ஞாபகம் இல்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கைகளில் எதுவும் இல்லை.

அவருடைய கைகளில் என்ன இருக்கும் என்று அடுத்துக் காட்டினார். இடது கையில் ஏற்ற இறக்கத்துக்கான கோலெக்டிவ். வலது கையில் சாய்வுக்கான சைக்ளிக். இரண்டு பாதமும் வால் சுழலியைக் கட்டுப்படுத்தும் பெடல்களில். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் ஈடுகட்ட வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிற்பது பார்க்கிறவர்களுக்கு ஓய்வு மாதிரி தெரியும். ஆனால் முன்னே பறப்பதைவிட அதற்கு அதிக சக்தி வேண்டும், அதிகக் கவனமும் வேண்டும். படத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று நாங்கள் சொல்கிற பக்கம் திரும்பினால், பல நேரம் காற்று பின்னாலிருந்து அடிக்கும். தாழ்வாக, வேகம் இல்லாமல் நிற்கும்போது என்ஜின் நின்றுபோனால், சுழலியைத் தானாகச் சுழலவிட்டுப் பத்திரமாக இறங்குவதற்கான உயரமும் வேகமும் இருக்காது. இதெல்லாம் தெரிந்த மனிதரிடம்தான் நான் முப்பது, இருபது, பத்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்றும் சொன்னார். இன்னொரு நிலையத்தின் ஹெலிகாப்டர் புகைக்குப் பின்னால் போயிருக்கிறது. இந்தப் பக்கம் வெளியே வரும் என்று இவர் பார்த்துக்கொண்டிருந்தார், வரவில்லை. கிழக்கே போனால் அதன் பாதையில் போய் விழலாம். அதனால் எதிர்ப்பக்கமாகத் திருப்பி விலகினார். திரையில் மலை தெரிந்தது அப்போதுதான். “நீங்கள் பத்து என்றபோது நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்” என்றார். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை எங்கள் மேஜையில் ஒரு விதி எழுதி ஒட்டினேன்: விமானி ‘ஸ்டேண்ட்பை’ என்றால், அவராகப் பேசும்வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. இந்த விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் விமானியை வர்ணனை வேலையிலிருந்து விடுவியுங்கள், ஒரு நிருபரைத் தனியாக ஏற்றுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு சம்பளம் கூடும், ஹெலிகாப்டரில் எடை கூடும். போட்டி நிலையங்கள் தனி நிருபர் இல்லாமலே சமாளிக்கும்போது நமக்கு மட்டும் எதற்கு என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இரண்டாவது முறையும் எழுதினேன்.

அப்புறம் பீனிக்ஸ் நடந்தது.

2007 ஜூலை 27. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரம். பட்டப்பகல், மணி 12.46, வானம் தெளிவு. திருட்டு வண்டியில் தப்பிய ஒருவனைப் போலீஸ் துரத்திக்கொண்டிருந்தது. மேலே ஐந்து செய்தி ஹெலிகாப்டர்கள், போலீசின் ஹெலிகாப்டர் ஒன்று. அவன் ஒரு வண்டியை விட்டுவிட்டு இன்னொரு வண்டிக்குத் தாவுகிற நேரம். துரத்தலைக் காட்டும் எந்த நிலையமும் விடாத காட்சி அது. அந்த நேரத்தில் இரண்டு நிலையங்களின் ஹெலிகாப்டர்கள், இரண்டும் ஒரே வகை ஏஎஸ்350, ஸ்டீல் இந்தியன் ஸ்கூல் பூங்காவுக்கு மேலே ஒன்றோடொன்று மோதின. இரண்டு விமானிகள், இரண்டு கேமராக்காரர்கள், நால்வரும் இறந்தார்கள். ஒருவரது வர்ணனை நேரலையில் போய்க்கொண்டிருந்தபோதே அறுந்தது.

அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள் அல்ல. மோதுவதற்குச் சற்று முன்னால்கூட, நீ எங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். இருவரும் அனுபவசாலிகள். அடுத்தவர் இருக்கும் இடம் தெரியும் என்றே இருவரும் எண்ணியிருப்பார்கள். அதற்குள் கீழே கார் திரும்பியது, ஆள் இறங்கி ஓடினான், கண் கீழே போனது.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009 ஜனவரியில் முடிவைச் சொன்னது. இரு விமானிகளும் மற்ற ஹெலிகாப்டரைப் பார்த்து விலகத் தவறியதுதான் விபத்தின் காரணம். அதோடு வாரியம் நின்றுவிடவில்லை. செய்தி சொல்வதும் கீழே நடப்பதைக் கண்ணால் தொடர்வதும் விமானியின் பொறுப்பாக இருந்தது இதற்குத் துணைபோனது என்று எழுதியது. பீனிக்ஸில் செய்தி ஹெலிகாப்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முறையான நடைமுறை இல்லாததையும் சேர்த்தது. உங்கள் கட்டுரை திறமை என்று புகழ்ந்த அதே விஷயத்தை விசாரணை அறிக்கை விபத்தின் காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறது. இதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

‘பார்த்து விலகு’ என்பது கேட்க எளிதாக இருக்கும். இன்னொரு விமானத்தைக் கண்ணில் கண்டு, அது விமானம்தான் என்று உணர்ந்து, மோதப் போகிறோம் என்று புரிந்து, எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுத்து, கையை அசைத்து, இயந்திரம் அதற்குக் கீழ்ப்படிய, மொத்தம் பன்னிரண்டரை வினாடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறை தன் விமானிகளுக்கான ஆலோசனைக் குறிப்பில் கணக்குச் சொல்கிறது. அதுவும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிற விமானிக்கு. நம் மேல் நேராக மோத வருகிற விமானம் கண்ணாடியில் நகராது என்பது இன்னொரு விஷயம். ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும், பெரிதாகிக்கொண்டே வரும். ஆனால் பெரிதாவது தெரிவதே கடைசி சில வினாடிகளில்தான். அசைகிற பொருளை நம் கண் சட்டென்று பிடிக்கும், நிற்கிற புள்ளியை விட்டுவிடும். கீழே ஓடும் காரோ அசைந்துகொண்டே இருக்கிறது. கண் எதன் பின்னால் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்று நான் வேறு ஊரில், என் மேஜையில் இருந்தேன். எங்கள் விமானி அந்த நேரத்தில் வானத்தில்தான் இருந்தார், சாதாரணச் சாலை நெரிசல் படத்துக்காக. செய்தி வந்ததும் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குக் கை நடுங்கியது. சொல்லவில்லை. “வேலை முடிந்தது, திரும்பி வந்துவிடுங்கள்” என்று மட்டும் சொன்னேன். இறங்கியபின் ஹேங்கரிலிருந்து போன் செய்தார். இறந்தவர்களில் ஒருவரை அவருக்கு நேரில் தெரியும். இரண்டு பேரும் பேசாமல் போனைக் கையில் வைத்திருந்தோம்.

மூன்று வாரம் கழித்து எங்கள் ஹெலிகாப்டரில் ஒரு நிருபர் ஏறினார். பணம் இல்லை, எடை கூடும் என்ற பேச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாலு பேர் வேறு ஊரில் செத்த பிறகுதான் இது நடந்தது என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பெரிய விமானங்களில் இதற்கு நெடுநாளாக ஒரு விதி உண்டு. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரில் இறங்க வந்த ஒரு பயணிகள் விமானம், ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானிகள் இருவரும் அந்தக் கடைசி நிமிடங்களில் பறப்பதற்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது ஒலிப்பதிவில் தெரிந்தது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பின், 1981இல், பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சும் வேலையும் கூடாது என்று விதி போட்டார்கள். ஆனால் அது பயணிகள் விமான நிறுவனங்களுக்கு. செய்தி ஹெலிகாப்டர் பறப்பதே பத்தாயிரம் அடிக்கு வெகு கீழே, அதில் விமானியின் வேலையே பேசுவது. அந்த விதி அவரைத் தொடாது.

இதைச் சொல்லும்போது ஒன்றைக் கலந்துவிடக் கூடாது. எல்லாச் செய்தி ஹெலிகாப்டர் விபத்தும் வேலைச் சுமையால் வந்ததல்ல. 2022 நவம்பரில் அதே சார்லட்டில் ஒரு டிவி நிலையத்தின் ஆர்44 ஹெலிகாப்டர் நெடுஞ்சாலை ஓரமாக விழுந்து விமானியும் வானிலை அறிவிப்பாளரும் இறந்தார்கள். அங்கே கட்டுப்பாட்டு இணைப்பில் ஒரு பாகம் கழன்றிருந்தது. அது பராமரிப்பின் தவறு. 2011இல் ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரிக்கருகில் ஏபிசி நிறுவனத்தின் ஹெலிகாப்டர் விழுந்து, அந்நாடு அறிந்த செய்தியாளர் பால் லாக்யர் உட்பட மூவர் இறந்தது, சுற்றிலும் ஒரு விளக்குகூட இல்லாத கும்மிருட்டில் விமானிக்குத் திசை நிலை தடுமாறியதால். கேரி பவர்ஸ் என்ற பெயர் மூத்த வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1960இல் சோவியத் நாட்டுக்கு மேலே யு-2 உளவு விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டு, சிறையிருந்து, கைதிகள் பரிமாற்றத்தில் உயிரோடு திரும்பியவர். அவர் இறந்தது 1977 ஆகஸ்ட் 1 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில், காட்டுத்தீயைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில், செய்தி ஹெலிகாப்டரில் எரிபொருள் தீர்ந்துபோய். கூட இருந்த கேமராக்காரரும் இறந்தார். எரிபொருளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டிய வேலையில் மனிதரின் கவனத்தை வேறு எது எது இழுத்தது என்பதைச் செத்தவரிடம் கேட்க முடியாது.

‘அஷ்டாவதானி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். சின்ன வயதில் தாத்தா என்னை ஒரு அவதான நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்க, ஒருவர் கணக்குப் போடச் சொல்ல, ஒருவர் இடையிடையே மணி அடிக்க, இன்னொருவர் பின்னாலிருந்து முதுகில் சிறு கற்களைப் போட, எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக் கடைசியில் எண்ணிக்கையோடு சொன்னார் அந்தப் பெரியவர். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி அன்று இரவு தாத்தா சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டேன். அந்தக் கலையின் மேல் எனக்குள்ள மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் அவதானி ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதுகில் விழுந்தது பதினேழு கல், அவர் பதினாறு என்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சபை உச்சுக்கொட்டும், எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். பீனிக்ஸில் தவறியதும் ஒரே ஒரு கல்தான்.

நம் ஊரில்தான் செய்தி ஹெலிகாப்டரே கிடையாதே, இங்கே எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். நம்மிடம் ட்ரோன் இருக்கிறது. போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு தேர்த் திருவிழாவில் ஒரு இளைஞரைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கழுத்தில் ட்ரோன் ரிமோட், அதன் மேல் செல்போன் திரை. காதில் இயர்போன், அதில் அலுவலகம். சட்டையில் மைக். கூட்டத்துக்கு மேலே ட்ரோனை ஓட்டிக்கொண்டே நேரலை வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் அவர் ஒரு தடவைகூட அண்ணாந்து தன் ட்ரோனைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். வடம் பிடித்தவர்களின் தலைக்கு மேலே, மின்கம்பிக்குப் பக்கத்தில் அது சுற்றிக்கொண்டிருந்தது. அருகே போய், “தம்பி, பேசுகிற வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “ஆள் இல்லைம்மா, எல்லாமே நான்தான்” என்றார். எங்கள் நிலையத்தின் மேலிடம் அன்று சொன்ன அதே பதில்.

வெள்ளத்தின்போது இது இன்னும் மோசமாகும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் தாழ்வாக வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டதை எல்லாரும் பார்த்தோம். ஆள் இருக்கும் விமானத்துக்கு ட்ரோன் வழிவிட்டு விலகியே இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் சொல்கின்றன. விலக வேண்டுமானால் முதலில் ஹெலிகாப்டர் வரும் சத்தம் காதில் விழ வேண்டும். காதில் அலுவலகம் “இன்னும் பத்து வினாடி” என்று எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி விழும்?

உங்கள் பத்திரிகைக்கும் யூடியூப் சேனல் இருக்கிறது, அதில் ட்ரோன் காட்சிகள் வருகின்றன. ட்ரோன் ஓட்டுகிறவர் ஓட்ட மட்டும் செய்கிறாரா, வர்ணனைக்கும் வானத்தைப் பார்ப்பதற்கும் கூட ஓர் ஆள் போகிறாரா, அவர் காதில் உங்கள் அலுவலகத்திலிருந்து பேசுவது யார் என்று விசாரித்து, கிடைக்கும் பதிலை இந்தக் கடிதத்துக்குக் கீழேயே போடுங்கள். பேசுகிற அந்த நபரிடம், முடிந்தால், ஒரு நாள் அந்த இயர்போனைத் தானே மாட்டிக்கொண்டு ட்ரோன் ஓட்டுகிறவர் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் விமானி ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டு எலுமிச்சை மரத்தின் படத்தோடு வாழ்த்து அனுப்புவார். இந்த ஆண்டும் வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.